கனிந்த மாம்பழத்தைக் கழிக்க வேண்டாம்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத் தோப்புகளில் சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்ற மா இரகங்கள் உள்ளன. அறுவடைக் காலத்தில் மிகவும் கனிந்த பழங்களை வியாபாரிகள் கழித்துவிடுவதால் விவசாயிகளுக்கு நட்டம் ஏற்படுகிறது. இப்பழங்களைக் கூழாக்கி, தகடாக உலர்த்திச் சில மாதங்கள் வைத்திருக்கலாம்.

தோல் சுருங்கி, சதை குழைந்த பழங்கள் இதற்கு ஏற்றவை. அழுகல், பூசணம், புளித்த வாடை உள்ளவை ஆகா. பழ ஈயின் புழு தாக்கிய பழங்களை ஆழமாகப் புதைக்க வேண்டும். தோப்பில் விட்டுவைத்தால் ஈக்கள் பெருகி, மற்றப் பழங்களையும் தாக்கும்.

பழங்களைக் கழுவித் தோலும் கொட்டையும் நீக்கவும். கூழ் 1 கிலோவுக்குச் சர்க்கரை 100 கிராம் சேர்த்து, நன்கு ஆவி எழும் சூட்டில் (சுமார் 80 டிகிரி செல்சியஸ்) 5 நிமிடம் கிளறவும். இதனால் கூழ் கறுப்பதும் புளிப்பதும் குறையும்.

நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் கூழை மெல்லியதாகப் பரப்பி, மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி வெயிலில் உலர்த்தவும். இரவில் வீட்டுக்குள் எடுத்துவைக்கவும். முதல் படலம் நன்கு காய்ந்த பின்பே அடுத்ததை ஊற்ற வேண்டும். இடையில் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். சாரல் நாட்களில் இவ்வேலையைத் தொடங்கலாகாது.

விரலில் ஒட்டாமல், மடித்தால் முறியாமல் இருப்பதே சரியான பக்குவம். துண்டுகளாக்கிக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவும். விற்பதாயின், உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்னதாகப் பதிவு செய்துகொள்வது அவசியம்.