காய்ச்சினாலும் போகாத ஃபுளோரைடு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் பல ஊர்களில், பாறையிலுள்ள ஃபுளோரைடு அதில் கரைந்திருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் கறை விழும்; அளவு மிகக் கூடினால் எலும்பும் மூட்டும் விறைக்கும்.

காய்ச்சினால் போய்விடாதா? போகாது. கிருமிதான் சாகும். நீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சும் நீரில் ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். கரைந்த அயனி என்பதால் துணியிலும் கேண்டில் ஃபில்டரிலும் நழுவிவிடும். ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியைத் தடுக்கும். செயலூட்டிய அலுமினா தன் பரப்பில் பிடித்துவைக்கும்; நிரம்பியதும் புதுப்பிக்காவிட்டால் வீண்.

எல்லாவற்றிலும் மேலானது, நீரையே மாற்றுவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவருவது அதற்காகத்தான். உலை வைக்கவும் அந்த நீரையே எடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் வேகவைத்தால் சோறும் பருப்பும் அதிலுள்ள ஃபுளோரைடை உறிஞ்சும்.