கண்டி ஏரிக்கரை அரண்மனை: மன்னர் போன பிறகு குடியேறியவர்கள்

இலங்கையின் கண்டி நகருக்குச் செல்பவர்கள் தலதா மாளிகையையும் அதன் அருகே விரிந்திருக்கும் ஏரியையும் பார்க்காமல் திரும்புவதில்லை. புத்தரின் புனிதப் பல் இருக்கும் ஆலயம் என்பதால் கூட்டம் அங்கேதான் சேரும். ஆனால், ஆலயத்தைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்கள் பலவும் ஒரு காலத்தில் ஓர் அரண்மனையின் பகுதிகளாக இருந்தவை.

அங்கு கடைசியாக ஆண்டவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபினர். 1802-இல் அரண்மனை முகப்பில் எண்கோண மண்டபம் எழுந்ததும் அவர் காலத்தில்தான். 1807-இல் வயல்வெளியில் அணை கட்டி ஏரியை உருவாக்கும் பணி தொடங்கியது. கரையில் அரசியருக்கு ஒரு குளியல் மண்டபமும் இருந்தது.

1815-இல் எல்லாம் மாறியது. மன்னர்மீது வெறுப்படைந்த பிரதானிகள் ஆங்கிலேயருடன் கைகோத்தனர். பிப்ரவரி 18-இல் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2-இல் அவருடைய அரசவை மண்டபத்திலேயே கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு, நாடு பிரிட்டிஷார் வசமானது. மன்னர் குடும்பத்துடன் வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டார். 1832-இல் அங்கேயே இறந்தார்.

அரண்மனை மட்டும் காலியாக இருக்கவில்லை. மன்னர் வாழ்ந்த பகுதியில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜான் டாய்லி குடியேறினார். பேராக்கில் பர்ச் ரெசிடென்டாக வந்தது 1874-இல். அதற்கு ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு முன்பே கண்டியில் அந்தப் பதவி இருந்தது. அரசியரின் குளியல் மண்டபம் நூலகமானது. ஏரி நடுவே உள்ள சிறு தீவு வெடிமருந்துக் கிடங்கானது. இனி ஆட்சி யாருடையது என்பதை மக்களுக்கு உணர்த்த, பழைய மன்னரின் வீட்டிலேயே குடியேறுவதைவிட எளிய வழி வேறில்லை.

மன்னரின் சிம்மாசனம் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1934-இல் திரும்பி வந்த அது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண்மனையின் ஒரு பகுதி இன்று தொல்பொருள் அருங்காட்சியகம். அந்தப்புரமாக இருந்த பகுதி தேசிய அருங்காட்சியகத்தின் கண்டிக் கிளை. எண்கோண மண்டபம் ஓலைச்சுவடிகளைக் காக்கும் நூலகம். 1988-இல் கண்டிப் புனித நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆட்சிகள் மாறினாலும் ஆலய வழிபாடு மட்டும் இன்றும் தொடர்கிறது.

நம் நாட்டிலும் இப்படிப் பல கைகள் மாறிய கட்டடம் உண்டு. கோலாலம்பூரின் பழைய இஸ்தானா நெகாரா, 1928-இல் சீனச் செல்வந்தர் சான் விங் கட்டிய வீடு. ஜப்பானியர் காலத்தில் இராணுவ அதிகாரிகள் அதைப் பயன்படுத்தினர். 1957 முதல் 2011 வரை மாமன்னரின் அரண்மனை. 2013 முதல் அரச அருங்காட்சியகம்.

பழைய கட்டடம் ஒன்று இடிபடாமல் நிற்பதற்கு, அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அது ஏதோ ஒரு வகையில் பயன்பட்டதும் ஒரு காரணம். அதே நேரம், புதிய பெயர்ப்பலகை ஏறும்போது முன்பு அங்கே வாழ்ந்தவரின் கதை மங்கிப் போகிறது. கண்டிக்குச் செல்லும் தமிழ் மாணவர்களில் எத்தனை பேருக்குக் கண்ணுசாமியைத் தெரியும்? அடுத்த முறை கல்விச் சுற்றுலாவில் ஓர் அருங்காட்சியகத்திற்குள் நுழையும்போது, கண்ணாடிப் பேழைகளைப் பார்ப்பதற்கு முன் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது அருங்காட்சியகம் ஆவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்?