டி உயிரணுக்களின் திசுவழிப் பெயர்ச்சி: வாயில்களும் அடைப்புகளும்

முன்னுரை

எலும்பு மச்சையில் தோன்றித் தைமஸ் சுரப்பியில் முதிரும் டி உயிரணு ஒவ்வொன்றும் தனக்கேயுரிய ஓர் ஏற்பியைத் தாங்கியுள்ளது. ஒரு குறிப்பிட்ட கிருமிக்கூறுக்குப் பொருந்தும் ஏற்பியுடையவை இலட்சத்தில் ஒன்றோ பத்து இலட்சத்தில் ஒன்றோதான். அவ்வாறாயின், கால்விரல் புண்ணின் வழியே நுழைந்த கிருமியை அதற்குரிய அணு எங்ஙனம் கண்டடைகிறது? அவ்வணு கிருமியைத் தேடிக் கால்விரலுக்குச் செல்வதில்லை. கிளையுரு அணுக்கள் கிருமியின் கூறுகளை அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சுமந்து வருகின்றன. டி அணுக்களோ கணுவுக்குக் கணு ஓயாது சுற்றி வருகின்றன.

சுற்றோட்டம் அறியப்பட்ட வரலாறு

மார்பு நிணநீர்க் குழாய் வழியாக நாள்தோறும் குருதியில் கலக்கும் நிணவணுக்கள், குருதியிலுள்ள நிணவணுக்கள் அனைத்தையும் பன்முறை ஈடுசெய்யப் போதுமானவை. எனினும் குருதியில் அவற்றின் எண்ணிக்கை பெருகுவதில்லை. அவை விரைவில் மடிந்துவிடுகின்றன என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளின் மார்புக் குழாயிலிருந்து நிணநீரைத் தொடர்ந்து வடித்தபோது, சில நாள்களில் அணுக்களின் வரத்து குன்றியது. அவ்வணுக்களையே குருதியில் மீளச் செலுத்தியபோது வரத்தும் மீண்டது. கதிரியக்கக் குறியிட்ட அணுக்களைக் கொண்டு, அவை நிணநீர்க் கணுக்களிலுள்ள தடித்த அகச்சுவருடைய நுண்சிரைகள் வழியாகக் குருதியிலிருந்து வெளியேறுவதையும் 1964இல் அவர் நிறுவினார். மடிந்தனவாகக் கருதப்பட்டவை சுற்றி வந்துகொண்டிருந்தன.

நுழைவும் உலாவலும்

குருதியின் விரைவோட்டத்தில் செல்லும் அணு நாளச்சுவரில் நிற்பதற்குப் பல படிநிலைகள் உள்ளன. முதலில் எல்-செலக்டின் என்னும் புரதம் சுவரைத் தளர்வாகப் பற்ற, அணு உருளத் தொடங்குகிறது. சுவரில் படிந்துள்ள கீமோகைன்களை அணுவின் சி.சி.ஆர்.7 ஏற்பி உணர்ந்ததும், எல்.எஃப்.ஏ-1 என்னும் இன்டெக்ரின் வடிவம் மாறி இறுகப் பற்றுகிறது. பின்னர் அணு உடலை நெகிழ்த்துச் சுவரைக் கடக்கிறது. இன்டெக்ரின்களின் ஒரு கூறு பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழுவது தாமதமாகிறது; கடுந்தொற்றுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இப்படிநிலைகள் ஏட்டளவினவல்ல என்பதற்கு இஃதொன்றே போதும்.

கணுவினுள் நிகழ்வதை உயிர்நிலையில் காண இரு-ஒளியன் நுண்ணோக்கி துணைசெய்தது. 2002இல் வெளியான இத்தகைய ஆய்வுகள், டி அணுக்கள் நிமிடத்திற்குப் பத்து மைக்ரோமீட்டருக்கும் மேலான சராசரி வேகத்தில், திக்கின்றி அலைவதுபோல் நகர்வதைக் காட்டின. நார்முன்னணுக்களின் வலைப்பின்னலே அவற்றுக்குப் பாதை. பொருத்தமான கூறு கிட்டாதெனில் ஏறத்தாழ ஒரு நாளில் அவை வெளியேறுகின்றன.

வெளியேற்றமும் மருத்துவமும்

ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்னும் கொழுமம் குருதியிலும் நிணநீரிலும் மிகுதி. கணுத் திசுவில் குறைவு. குருதியில் இருக்கும்வரை அணு இதற்குரிய ஏற்பியை உள்ளிழுத்துக்கொள்கிறது. கணுவில் சில மணிநேரம் தங்கியபின் ஏற்பி மீண்டும் மேற்பரப்பில் தோன்ற, அணு வெளியேறும் வழியை உணர்கிறது. கிருமிக்கூறை இனங்கண்ட அணுவிலோ சி.டி.69 புரதம் அவ்வேற்பியை அடக்கிவைப்பதால், அது கணுவிலேயே தங்கிப் பெருகுகிறது.

பூச்சிகளில் ஒட்டி வாழும் ஒரு பூஞ்சையின் வேதிப்பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட ஃபிங்கோலிமாட் இவ்வாயிலையே அடைக்கிறது. மூளை, தண்டுவட நரம்புறைகளைத் தன்னெதிர்ப்பு அணுக்கள் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு, 2010இல் அமெரிக்காவில் இது ஒப்புதல் பெற்றது.

நடாலிசுமாப் மருந்தின் வழி வேறு: ஆல்ஃபா-4 இன்டெக்ரினைத் தடுத்து, டி அணுக்கள் மூளைக்குள் நுழைவதையே மறிக்கிறது. 2004இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, சிலருக்கு உயிர்க்கொல்லியான மூளைத்தொற்று ஏற்பட்டதால் 2005இல் நிறுத்தப்பட்டு, 2006இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டது. வளர்ந்தோரில் பெரும்பாலானோரிடம் தீங்கின்றி உறையும் ஜே.சி. வைரசே அத்தொற்றுக்குக் காரணம். நோயை விளைவித்த அணுக்களோடு, அவ்வைரசைக் காவல்செய்த அணுக்களும் மூளைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. இன்று இம்மருந்தைத் தொடங்குமுன் நோயாளியின் குருதியில் ஜே.சி. வைரசுக்கான எதிர்ப்பொருள் உள்ளதா என ஆராயப்படுகிறது. இருப்பின், சிகிச்சைக் காலம் நீள நீள இடர் கூடுவதைக் கருதியே மருந்தைத் தொடர்வது முடிவுசெய்யப்படுகிறது.