பிக்கப் வாகனத்தின் அடிச்சட்டத்தில் ஒட்டுவேலை

காலபோக அறுவடை முடிந்ததும் பூநகரிக் கமக்காரரின் பிக்கப் வாகனத்திற்கு ஓய்வில்லை. 2011ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் யாழ்ப்பாணச் சந்தையும் அணித்தாயிற்று. ஆகவே, பெட்டியைப் பின்னால் நீட்டினால் என்ன, வில்லுக்கு இன்னுமொரு தகடு சேர்த்தால் என்ன என்னும் எண்ணம் எழுதல் இயல்பே.

வில்லை வலுப்படுத்தினால் வாகனம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பிறேக்கோ, அச்சோ, கராச்சுகளிற் ‘செசி’ எனப்படும் அடிச்சட்டமோ வலுப்பெறுவதில்லை. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோகிராம். 1,000 கிலோகிராம் ஏற்றத்தக்க வாகனம் 47 புசலுடன் நிறைந்துவிடும்; மூட்டைமேல் அமரும் ஆள்களின் நிறையும் இக்கணக்கிலேயே சேரும்.

சுமையேற்றியபோது இரு அச்சுகளுக்கும் இடையே சட்டம் கீழ்நோக்கித் தொய்யும். அங்கே கீழ் விளிம்பு இழுபடும். மேல் விளிம்பு நெருக்குண்ணும். பின்னச்சுக்கு அப்பாலோ மேல் விளிம்பே இழுபடும். பெட்டியை நீட்டுந்தோறும் இவ்விழுவை மிகும். ஆதலால் இவ்விளிம்புகளிற் குறுக்காகத் தகடுகளை ஒட்டுவதும், புதிதாகத் துளையிடுவதும் ஆகா. சூடுண்ட உருக்கின் தன்மை ஒட்டின் ஓரத்தில் மாறிவிடும். குண்டும் குழியுமான பாதையில் நாள்தோறும் வளைந்து நிமிரும் சட்டம் வெடிப்பது அவ்வோரத்திலேதான். “ஒட்டு நன்றாயிருக்க, சட்டம் எப்படி முறிந்தது?” என வியப்போர் இதனை அறியாதவரே.

வெடிப்புக் கண்டால், துருவைச் சுரண்டி அதன் முடிவிடத்தைத் தேடுக. அம்முனையில் மட்டும் சிறு துளையிடலாம்; வெடிப்பு மேலும் ஓடாது. பின்னர் வெடிப்பு நெடுகிலும் ஆப்பு வடிவாகத் தேய்த்து, தகட்டின் முழுத் தடிப்புக்கும் ஒட்டு நிரம்பச் செய்து, மேட்டை மட்டமாக அரைத்தல் வேண்டும். வலுத்தகடு வைப்பதாயின் சட்டத்தின் நிமிர்ந்த பக்கத்தில் வைக்க. அதன் முனைகள் சாய்வாக வெட்டப்பட்டிருத்தல் வேண்டும். முனைகளிற் செங்குத்தாக ஒட்டலாகாது. 7018 என்னும் இலக்கமுடைய ஒட்டுக்கம்பி ஏற்றது. ஆனால் அது உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரமேறிய கம்பி ஒட்டினுள் ஐதரசனைப் புகுத்தும். ஒட்டு ஆறிய பின்னரும் வெடிக்கும்.

கடனீரேரியின் உப்புக்காற்றுப் படும் நம் பகுதியில் துருவே முதற் பகை. சுத்தியலாற் தட்டும்போது மந்தமான ஓசை எழுந்தாலோ, திருப்புளி உட்புகுந்தாலோ அவ்விடம் ஒட்டைத் தாங்காது. அழுகிய பகுதியை அகற்றிப் புதுச்சட்டம் பொருத்தல், தேர்ந்த தொழிலாளி கையில் விடற்பாலது. சில லொறிகளின் சட்டம் வெப்பத்தாற் பதப்படுத்தப்பட்டது. அதனை ஒட்டவே கூடாது.

வேலை தொடங்குமுன் பற்றரியின் இணைப்புகளைக் கழற்றுக; இல்லையேல் மின்னணுக் கருவிகள் பழுதாகும். எரிபொருட் தாங்கியை இறக்கித் தொலைவில் வைக்க. வெறுந் தாங்கி அபாயமற்றதெனக் கருதற்க. அதில் எஞ்சும் ஆவியே வெடிப்பது. மின்னின் தரைக்கவ்வியை ஒட்டுமிடத்திற்கு மிக அருகிற் பூட்டுக. தொலைவிற் பூட்டினால் மின் சில்லுத் தாங்கிகளினூடு பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். குளோரீன் கலந்த பிறேக்குச் சுத்திகரிப்பு நீர்மத்தாற் கழுவிய இடத்தை ஒட்டினால் நச்சுவாயு எழும். வைக்கோற் போருக்கு அருகில் இவ்வேலை வேண்டா. மணல் வாளி அருகிருக்க, வேலை முடிந்தும் அரை மணி நேரம் காவல் இருத்தல் நன்று.

வாகனத்தின் அமைப்பை மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெறுக. ஒட்டிய இடத்திற்குத் துருத்தடுப்பு மை பூசி, முதல் நடைகளில் அரைச் சுமையே ஏற்றி, ஒவ்வொரு நடைக்குப் பின்னும் ஒட்டின் ஓரங்களை விளக்கொளியில் நோக்குக.