ஆறுமணிக் குருவியும் ஐயனார் தோப்பும்

ஐப்பசி மாதத்து மழை தொடங்கும் நாட்களில் புதுச்சேரி நகரத்து வீடுகள் சிலவற்றில் ஒரு சம்பவம் நேர்வதுண்டு. விடியற்காலையில் வாசல் தெளிக்க வருபவர், முற்றத்து மூலையிலோ மாடிப்படியின் அடியிலோ, பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒரு சிறு பக்ஷி சோர்ந்து ஒடுங்கியிருப்பதைக் காண்பார். மதில்மேல் காகங்கள் கூடிக் கரையும். வீட்டார் அதனை யாரோ வளர்த்த கூண்டுப் பறவை என்று எண்ணிக் கூடையால் கவிழ்த்து, அரிசியும் நீரும் வைப்பர். அப்பறவையோ அரிசியைத் தீண்டாது, பட்டினியால் மாண்டுபோகும். உண்மையில் அது கூண்டுப் பறவையன்று. வடதேசத்துக் காடுகளிலிருந்து நெடுந்தூரம் பறந்து வந்த விருந்தாளி. அதன் பெயர் ஆறுமணிக் குருவி. அதன் வரலாற்றையும், நமது கிராமத் தோப்புகளுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தையும் சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

உருவமும் பெயரும்

இக்குருவி ஏறத்தாழ 19 சென்டிமீட்டர், அதாவது ஏழரை அங்குல நீளமுள்ளது. உடல் பருத்தும், கால்கள் நீண்டு உறுதியாகவும், வால் வெட்டிவிட்டாற்போல் மிகக் குறுகியும் இருக்கும். முதுகு பச்சை, தோளிலும் வாலடியிலும் ஒளிவிடும் நீலம், தொண்டை வெண்மை, மார்பு சந்தன நிறம், வயிற்றின் கீழ்ப்பாகம் குங்குமச் சிவப்பு. கண்ணின் குறுக்கே பட்டையாக மையிட்டாற்போல் ஒரு கறுப்புக் கோடு செல்லும். பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டுத் தோன்றும். இந்தி மொழியினர் இதனை நவரங் என்று அழைப்பது, ஒன்பது நிறங்களும் இதனிடம் உண்டு என்னும் கருத்தினாலேயாம்.

ஸ்வீடன் தேசத்துச் சாஸ்திரியாகிய லின்னேயஸ் 1766-ஆம் ஆண்டில் இதற்குச் சாஸ்திரப் பெயரிட்டபோது, இதனைக் காகத்தின் இனத்தில் சேர்த்து, குட்டைவாலன் எனப் பொருள்படும் அடைமொழியைக் கொடுத்தார். பின்னர் இது காக இனமன்று எனத் தெளிந்து, பிட்டா என்னும் தனி இனமாக வகுத்தனர். அச்சொல் தெலுங்கு மொழியைச் சேர்ந்தது. புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட ஏனாமில் எந்தக் குழந்தையைக் கேட்பினும், பிட்ட என்றால் பறவை என்று சொல்லும். உலகமெங்கும் உள்ள பறவை நூல்களில் நமது அண்டை மொழிச் சொல் ஒன்று இவ்வாறு நிலைபெற்றுவிட்டது.

தமிழ்ப் பெயருக்குக் காரணம் இதன் குரலாகும். பகல் முழுவதும் பெரும்பாலும் வாய் திறவாது புதரடியில் திரியும் இக்குருவி, பொழுது புலரும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் தெளிவான இரட்டைச் சீழ்க்கை ஒலியெழுப்பும். முதலொலி ஏறியும் அடுத்தது இறங்கியும் கேட்கும். கடிகாரமில்லாத காலத்துக் குடியானவர்களுக்கு அது காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் அறிவித்தது. இலங்கையிலுள்ள தமிழரும் இதே பெயரால் இதனை அழைப்பர்.

பிரயாணம்

இமயமலையின் அடிவாரத்துக் காடுகளும், மத்திய இந்தியாவும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாகமும் இதன் பிறப்பிடங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அவ்விடங்களில், காய்ந்த இலை, புல், சிறு வேர் ஆகியவற்றால் பந்துபோன்ற உருண்டைக் கூடு கட்டி, பக்கவாட்டில் வாயில் வைத்து, நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இடும். தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைப் பேணும்.

மழை நின்று அங்கே தரை உலரத் தொடங்கியதும் இக்குருவிகள் தெற்கு நோக்கிப் புறப்படும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வந்திறங்கி, கோடை முற்றுமுன் ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிச் செல்லும். பிரயாணம் இரவில் நடைபெறுவதால், நகரங்களின் விளக்கொளியில் மயங்கிக் கண்ணாடிச் சன்னல்களில் மோதுவதும், களைத்துத் தெருவில் விழுவதும் உண்டு. புதுச்சேரி முற்றத்தில் காணப்படும் பறவை அவ்வாறு வழியில் தளர்ந்ததேயாகும்.

சருகே களஞ்சியம்

இங்கு வந்த பின் ஒவ்வொரு குருவியும் தனித்தனியே ஒரு புதரடியைத் தன் எல்லையாகக் கொண்டு வாழும். இது கனியையோ தானியத்தையோ நாடுவதன்று. தரையில் தத்திச் சென்று, அலகினால் சருகைப் புரட்டி, அடியிலுள்ள வண்டு, கறையான், புழு, நத்தை முதலியவற்றைத் தின்னும். ஆகையால், மரம் மட்டும் நின்றால் இதற்குப் போதாது. மரத்தடியில் சருகு கிடக்கவேண்டும். சருகில் ஈரம் இருக்கவேண்டும். நாம் குப்பை என்று கருதுவதே இதற்குக் களஞ்சியம்.

சோழமண்டலக் கடற்கரையில் ஆதியில் உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் ஒருவகைக் காடு பரவியிருந்தது. காசான், வீரை, உலக்கைப் பாலை, கருங்காலி முதலிய மரங்கள் அதில் அடர்ந்திருக்கும். உழவுக்கும் விறகுக்குமாக அக்காடு அழிந்துபோக, எஞ்சியவை பெரும்பாலும் ஐயனார், அம்மன் கோயில்களைச் சூழ்ந்த தோப்புகளே. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு அவற்றுள் பெயர்பெற்றது. சாமிக்குரிய மரத்தில் ஒரு குச்சியும் ஒடிக்கலாகாது என்ற முன்னோர் கட்டுப்பாடே இத்தோப்புகளைக் காத்தது. 1968-ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோவில்லில், செம்மண் வெளியாய்க் கிடந்த மேட்டுநிலத்தில் மரம் நட முற்பட்டவர்களுக்கும், இவ்வகை மரங்களின் வித்தைத் தந்து உதவியவை இத்தகைய பழந்தோப்புகளே.

இப்பொழுது நேரும் கேடு

இக்காலத்தில் கோடரியால் மட்டுமன்றி, துடைப்பத்தாலும் இத்தோப்புகளுக்குக் கேடு வருகிறது. திருப்பணியை முன்னிட்டுத் தரை சிமெண்டால் மூடப்படுகிறது. பாம்புக்கு அஞ்சிப் புதர் வெட்டப்படுகிறது. சருகு கூட்டிக் கொளுத்தப்படுகிறது. ஆடு நுழைந்து இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகிறது. வெளியே நின்று நோக்குவோருக்குப் பெருமரங்கள் நிற்பது கண்டு தோப்பு நலமாயிருப்பதாகவே தோன்றும். உள்ளேயோ குருவி புரட்டுவதற்கு ஓர் இலையும் இராது.

பாம்பு அச்சம் பொய்யன்று. வழிபட வருவோர் அச்சமின்றி நடக்கவேண்டுவதும் நியாயமே. இதற்குப் பரிகாரம் எளிது. கோயில் முற்றமும் நடைபாதையும் நாள்தோறும் பெருக்கப்படட்டும். உட்புறத் தோப்பில் துடைப்பம் செல்லாதிருக்கட்டும். பெருக்கிய சருகைக் கொளுத்தாது மரத்தடியில் இட்டால், அது மட்கி எருவாகும். மழைநீர் ஓடிவிடாமல் மண்ணில் இறங்கவும் உதவும். ஆடு புகாதபடி முள்வேலியிடலாம். விசேஷ நாட்களில் அன்னதானத்துக்குரிய அடுப்பைத் தோப்புக்கு வெளியே அமைக்கலாம்.

சோர்ந்த பறவையைக் கண்டால்

காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து அதனை மெல்ல வைத்து, மூடி, பூனையும் காகமும் அணுகாத அமைதியான இருட்டில் சில மணி நேரம் விட்டுவிடவேண்டும். வாயில் நீர் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். தெம்பு திரும்பியபின், காகம் அடங்கும் மாலை வேளையில், புதர் நிறைந்த தோட்டத்தில் திறந்துவிடலாம். இறக்கை முறிந்திருப்பின் வனத்துறையினருக்கு அறிவித்தல் வேண்டும். அழகுக்காகக் கூண்டிலடைப்பது பறவைக்கு மரணமாவதோடு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். சிறுவர் கையில் கவண் கொடாதிருப்பது பெற்றோர் கடமை.

இக்குருவியால் விளைச்சல் இரட்டிக்கும் என்று கூறினால் அது மிகையாகும். தோப்பிலுள்ள பூச்சிகளை இது தின்பது மெய். ஆயினும் அங்கத்தினர் இதனைக் காப்பதற்கு லாபக் கணக்கு ஒன்றே காரணமாக வேண்டுவதில்லை. தோப்பு எவர் ஒருவருடைய சொத்துமன்று. அதனாலேயே, ஒருவர் ஒரு கட்டு விறகு எடுப்பதைத் தடுக்க மற்றொருவர் முன்வருவதில்லை. ஒவ்வொரு கட்டாகத் தோப்பு தேய்ந்துபோகிறது. பொதுச் சொத்தைப் பொதுவில் கூடியே காக்கவேண்டும் என்பது ஐக்கிய சங்கங்களின் முதற்பாடம். சங்கத்தின் மகாசபை கூடும் நாளில் தோப்பைப் பற்றியும் ஒரு தீர்மானம் செய்து, கோயில் நிர்வாகிகளுடன் கலந்து, அதனை நிறைவேற்றும் பொறுப்பை இரண்டொரு அங்கத்தினரிடம் ஒப்புவிக்கலாம். அதற்குப் பணச் செலவு அதிகமில்லை.

அவ்வாறு செய்த கிராமத்தில், கார்த்திகை மாதத்து மாலையொன்றில், விளக்கேற்றும் நேரத்தில், தோப்பின் உள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்குமாயின், தீர்மானம் ஏட்டளவில் நில்லாது நிறைவேறியது என்று அங்கத்தினர் அறிந்துகொள்ளலாம்.