பாட்டரி தண்ணீர்த் தொட்டி அன்று!

கோடை விடுமுறை நாட்களில் இங்கிலாந்தின் கடற்கரைச் சாலைகளிலும் ஸ்காட்லாந்தின் மலைச் சாலைகளிலும் ஒரு வகை வண்டியை அடிக்கடி காணலாம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வேன். கதவைத் திறந்தாலோ உள்ளே ஒரு வீடு! மடக்குக் கட்டில், சிறிய சமையல் மேடை, தண்ணீர்க் குழாய், குளிர்பெட்டி, விளக்குகள் எல்லாம் உண்டு. இதற்குக் 'கேம்பர் வேன்' என்று பெயர். விடுதி தேடாமல் ஒரு குடும்பம் ஊர் ஊராகச் சுற்றி வரலாம்.

மின்கம்பமே இல்லாத ஓர் ஏரிக்கரையில் இந்த வண்டி இரவு முழுவதும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடவில்லை. ஆனால் விளக்கு எரிகிறது, குளிர்பெட்டி வேலை செய்கிறது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது? "பாட்டரியிலிருந்து" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால் அந்தப் பாட்டரியை எவ்வளவு வரை காலி செய்யலாம்? எப்படி நிரப்ப வேண்டும்? இவை தெரியாவிட்டால் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பாட்டரி சில மாதங்களிலேயே வீணாகிவிடும்.

இரண்டு பாட்டரிகள் ஏன்?

கேம்பர் வேனில் இரண்டு பாட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று வீட்டு வேலைகளுக்கு. இரண்டாவதை ஆங்கிலேயர் 'லெஷர் பாட்டரி', அதாவது ஓய்வுக்கால பாட்டரி, என்பார்கள். நாம் 'வீட்டு பாட்டரி' என்றே அழைப்போம்.

இரண்டின் வேலையும் வேறு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சினைக் கிளப்ப 200 ஆம்பியர் மின்னோட்டம் 3 விநாடி தேவை என்று கொள்வோம். 200 × 3 = 600 கூலும். ஓர் ஆம்பியர்-மணி என்பது 3600 கூலும். ஆகவே செலவானது ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்னியற்றி அதைச் சில நிமிடங்களில் ஈடு செய்துவிடும்.

இனி வீட்டுச் செலவைப் பாருங்கள். 3 வாட் விளக்குகள் நான்கு, 5 மணி நேரம்: 60 வாட்-மணி. குளிர்பெட்டி சராசரியாக 15 வாட் வீதம் 24 மணி நேரம்: 360. தண்ணீர் பம்பு, கைப்பேசி முதலியவற்றுக்கு 60. மொத்தம் 480 வாட்-மணி. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 40 ஆம்பியர்-மணி. எஞ்சினை ஒருமுறை கிளப்புவதற்கான செலவைப் போல் 240 மடங்கு!

முதல் பாட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரர், இரண்டாவது நெடுந்தூர ஓட்டக்காரர் எனலாம். எஞ்சின் பாட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். பரப்பு அதிகமாதலால் பெரும் மின்னோட்டம் ஒரே வீச்சில் கிடைக்கும். ஆனால் அதை அடிக்கடி ஆழமாக இறக்கினால் தகட்டுப் பசை உதிர்ந்துவிடும். வீட்டு பாட்டரியின் தகடுகள் தடித்தவை. மெதுவாகக் கொடுக்கும், நெடுநேரம் தாங்கும்.

உள்ளே நடப்பது என்ன?

இவ்வகைப் பாட்டரியை 1859-ல் உருவாக்கியவர் பிரெஞ்சு அறிவியலறிஞர் காஸ்டன் பிளாண்டே. 1881-ல் கமிய் ஃபோர், தகடுகளின் மேல் காரீயக் கூட்டுப்பொருள்களைப் பசையாகப் பூசி இதைப் பெரிதும் மேம்படுத்தினார். தத்துவம் இன்றுவரை மாறவில்லை.

நேர்த்தகட்டில் காரீய டை ஆக்சைடு, எதிர்த்தகட்டில் கடற்பஞ்சு போன்ற காரீயம், நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்னிறக்கத்தின்போது இரண்டு தகடுகளும் காரீய சல்ஃபேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றும்போது இதே வினை திரும்பி நடக்கிறது. அமிலத்தின் ஒப்படர்த்தி முழு ஏற்றத்தில் ஏறக்குறைய 1.27, காலியானால் ஏறக்குறைய 1.12.

ஒரு கலம் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல். சில மணி நேரம் எதனோடும் இணைக்காமல் வைத்துவிட்டு அளந்தால் 12.7 வோல்ட் என்பது முழு ஏற்றம், 12.2 பாதி, 11.8 காலி. முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட வேறுபாடு இல்லை! எனவே துல்லியமான வோல்ட் மீட்டர் தேவை.

பாதியோடு நிறுத்து!

தண்ணீர்த் தொட்டியை அடிவரை காலி செய்யலாம். ஒரு வாரம் காலியாகவே விட்டாலும் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. பாட்டரி அப்படியன்று.

இதை நான் பாடம் நடத்தித் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் செய்முறைத் தேர்வு முடிந்த அன்று, ஆய்வகத்தில் மின்னழுத்தமானிச் சோதனைக்குப் பயன்படுத்திய ஆறு சேமக் கலங்களை மின்னேற்றாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். "திறந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்" என்று எண்ணம். ஜூன் மாதம் எடுத்துப் பார்த்தால் தகடுகளில் வெள்ளைப் படலம். இரண்டு நாள் மின்னேற்றியும் நான்கு கலங்கள் பிழைக்கவில்லை. அந்தப் பருவத்தில் மாணவர்கள் கலத்துக்காக வரிசையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது.

காரணம் என்ன? புதிதாக உண்டாகும் காரீய சல்ஃபேட் பொடிப்பொடியாக இருக்கும். மின்னேற்றினால் எளிதில் பழைய நிலைக்கு மாறும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் சிறு படிகங்கள் ஒன்று சேர்ந்து பெரிதாகி இறுகிவிடும். சர்க்கரைப் பாகை அசையாமல் வைத்தால் கற்கண்டு விளைகிறதல்லவா, அதுபோல. இறுகிய படிகம் மின்சாரத்தைக் கடத்தாது, வினையிலும் சேராது. அந்த அளவுக்குத் தகடு பயனற்றதாகிவிடும்.

என் ஆய்வகத்தில் கோடை விடுமுறை செய்த வேலையைக் கேம்பர் வேன்களில் குளிர்காலம் செய்கிறது. இலையுதிர் காலத்தில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, வசந்தத்தில் திறக்கிறார்கள். கடுங்குளிர்ப் பகுதிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முழு ஏற்றமுள்ள அமிலம் உறைய 50 பாகைக்கும் கீழான குளிர் வேண்டும். காலியான பாட்டரியில் இருப்பது பெரும்பாலும் நீர். அது பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை அளவிலேயே உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும்.

எனவே அனுபவசாலிகள் இரு விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். பாதிக்கு மேல் இறக்காதே. இறக்கியதை அன்றே ஏற்று. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 50 என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். நம் கணக்குக் குடும்பத்துக்கு அது ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக வரும், அவ்வளவே.

அந்த 100-கூட 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான் கிடைக்கும். 50 ஆம்பியர் வீதம் எடுத்தால் 2 மணி நேரம் வராது, ஒன்றேகால் மணி அளவிலேயே ஓய்ந்துவிடும். அவசரமாக எடுத்தால் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதை 1897-ல் ஜெர்மானியரான பாய்க்கர்ட் ஒரு சமன்பாடாகவே எழுதிவைத்தார்.

நிரப்புவதில் மூன்று படிகள்

திருவிழாக் கூட்டம் காலி பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் முப்பது பேர் நொடியில் அமர்ந்துவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேர் இடம் தேடித் தேடித்தான் நுழைய வேண்டும். மின்னேற்றமும் இப்படித்தான்.

முதல் படியில் மாறாத மின்னோட்டம், 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்குச் சுமார் 10 ஆம்பியர். மின்னழுத்தம் மெல்ல உயர்ந்து 14.4 வோல்ட்டைத் தொடும்போது ஏறக்குறைய 80 விழுக்காடு நிறைந்திருக்கும். இரண்டாம் படியில் 14.4 வோல்ட்டிலேயே நிறுத்திவைக்க, மின்னோட்டம் தானே குறைந்துகொண்டு வரும். தகட்டின் நுண்துளைகளுக்குள் வினை நடக்க நேரம் வேண்டுமாதலால் இதற்குப் பல மணி நேரம் ஆகும். பலர் இங்கேதான் பொறுமையிழந்து பாதியில் கழற்றிவிடுகிறார்கள். நிறையாத பகுதி நாளடைவில் கற்கண்டாகிவிடுகிறது! மூன்றாம் படியில் 13.6 வோல்ட் அளவில் காவல் காப்பது போன்ற சிறு மின்னோட்டம்.

மின்சாரம் மூன்று வழிகளில் வரலாம். முகாம் மைதானங்களில் 230 வோல்ட் இணைப்பு கிடைக்கும். நல்ல சார்ஜர் மூன்று படிகளையும் தானே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, எஞ்சினோடு ஓடும் மின்னியற்றி. இடையில் ஒரு ரிலே இருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் அது இரு பாட்டரிகளையும் இணைக்கும். இல்லாவிட்டால் இரவில் குளிர்பெட்டி எஞ்சின் பாட்டரியையும் உறிஞ்சிவிடும், காலையில் வண்டி கிளம்பாது. இங்கே ஓம் விதி குறுக்கிடுகிறது. பின்பக்கம் இருக்கும் பாட்டரிக்குப் போகவர 10 மீட்டர் செம்புக் கம்பி தேவை என்போம். குறுக்குப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர் என்றால் மின்தடை சுமார் 0.03 ஓம். 20 ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 14.3 வோல்ட் புறப்பட்டு 13.7 வந்து சேரும்! 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.2 வோல்ட்தான். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னியற்றியின் அழுத்தத்தைக் கணினியே குறைத்துவிடும். அவற்றுக்கு அழுத்தத்தை உயர்த்தித் தரும் தனிக் கருவி வேண்டும்.

மூன்றாவது, கூரைமேல் சூரியப் பலகை. லண்டனில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 62 பாகையில் நிற்கும். டிசம்பரில் 15 பாகைதான். கூரைமேல் படுக்கையாக வைத்த பலகைக்குக் கிடைக்கும் ஒளி அந்தக் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. முறையே 0.88, 0.26. 100 வாட் பலகை குளிர்கால நண்பகலில், மேகமே இல்லாவிட்டாலும், கால் பங்கு கொடுத்தாலே பெரிது. ஆயினும் நிறுத்திவைத்த பாட்டரியைக் காக்க அதுவே பெரும்பாலும் போதும்.

எச்சரிக்கை!

மின்னேற்றம் முடியும் தறுவாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும். மூடிய சிறு அறையில் மனிதர் உறங்குகிறார்கள், பக்கத்தில் எரிவாயு அடுப்பு. எனவே வாயுவை வெளியேற்றக் குழாய் கட்டாயம். பாட்டரியின் உள்மின்தடை ஓமில் நூறில் ஒரு பங்கே இருக்கும். ஒரு ஸ்பேனர் இருமுனைகளின் மேல் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து சிவக்கக் காய்ந்துவிடும். 12 வோல்ட் அதிர்ச்சி தராது. ஆனால் தீ வைக்கும். ஃபியூஸ் பாட்டரியின் அருகிலேயே இருக்க வேண்டும்.

இன்று பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு மாறி வருகிறார்கள். எடை குறைவு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும். ஆனால் அதற்கும் ஒரு விதி உண்டு: உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. வேதியியல் மாறினால் விதி மாறும். விதியே இல்லாத பாட்டரி இல்லை.

கேம்பர் வேனை நீங்கள் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் அடியிலிருப்பது பெரும்பாலும் இதே காரீய-அமிலக் குடும்பம்தான். நீர்மட்டம் காட்டும் மிதவைகளைப் பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. குழாய்த் தண்ணீரும் அன்று, அமிலமும் அன்று. ஏன் என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்: பிரிந்து போனது நீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது.