உண்டும் தேறாத உடல்

பிள்ளையொன்று வேளைதவறாமல் உண்கிறது. ஆயினும் உடல் தேறவில்லை. கைகால் மெலிந்து, வயிறு மட்டும் பருத்திருக்கிறது. பூச்சி மருந்தும் பயன் தரவில்லை. இந்நிலைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம்மவர் பலர் பெயரும் அறியாத ஒன்றே சீலியாக் நோய்.

1888ஆம் ஆண்டில் இந்நோயின் குறிகளைத் தெளிவாக எழுதிய ஆங்கிலேய வைத்தியர் சாமுவேல் ஜீ, உணவினாலேயே இதனைத் தீர்க்கலாகும் என்று கருதினார். எவ்வுணவு பகை என்பதை மட்டும் அவர் அறிந்தாரல்லர். அதனைக் கண்டவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. கோதுமையை நீக்கினால் பிள்ளைகள் தேறுவதையும், மீண்டும் கொடுத்தால் நலிவதையும் பல்லாண்டு கவனித்து, 1950இல் தமது ஆய்வேட்டில் அவர் நிலைநாட்டினார்.

கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. இந்நோயுடையார் அதனை உண்டால், அவர்தம் உடலின் காவற்படையே சிறுகுடலைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்துபோகின்றன. உண்டது உடலிற் சேராமைக்குக் காரணம் இதுவே.

குறிகள் ஆளுக்காள் வேறுபடும். நீங்காத வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல், எடை குறைதல், பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியன வெளிப்படையானவை. வயிற்று நோவே இன்றியும் இது மறைந்திருக்கும். இரும்புச் சத்து மாத்திரை உட்கொண்டும் மாறாத குருதிச்சோகை, ஓயாத களைப்பு, அடிக்கடி தோன்றும் வாய்ப்புண், எலும்பு நலிவு, கடும் அரிப்புடைய தோற்கொப்புளம் என்பனவும் இதன் குறிகளாகலாம். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், அல்லது ஒருவருக்கு முதலாம் வகை நீரிழிவு இருப்பின், ஐயம் மேலும் வலுப்பெறும்.

ஐயம் எழுந்தால் செய்யவேண்டியது யாது? இங்கேதான் பலர் தவறுகின்றனர். பாணையும் கோதுமை மாவையும் தாமாகவே நிறுத்திப் பார்க்கின்றனர். பரிசோதனைக்கு முன்னர் அவ்வாறு செய்தலாகாது. முதலிற் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை, குளூட்டனால் உடலில் எழும் பிறபொருளெதிரிகளைத் தேடுவது. கோதுமையை நிறுத்தினால் அவை குறைந்துவிடும். சடைமுளைகளும் மெல்ல வளரத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்னும் முடிவு கிடைத்தல் கூடும். ஆதலால், வைத்தியரைக் கண்டு சோதனைகள் யாவும் நிறைவுறும்வரை வழக்கமான உணவையே உண்ணுங்கள். முன்னரே நிறுத்திவிட்டவர் அதனை வைத்தியரிடம் மறையாது கூறுக. இரத்தத்தில் அடையாளம் தென்பட்டால், பெரும்பாலும் உள்நோக்கிக் குழாய் மூலம் சிறுகுடலின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்து நோயை உறுதிசெய்வர்.

உறுதியானபின் மருந்து ஒன்றே: குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குதல். சோறு, குரக்கன், தினை, சாமை, பயறு, மரவள்ளி யாவும் ஏற்றவை. கோதுமை மா கலந்த இடியப்பம், பிட்டு, கூட்டுப் பெருங்காயம், சோயா சோஸ் ஆகியவற்றில் விழிப்பு வேண்டும்.

“பிறவி மெலிவு” என்று பெயரிட்டு ஒரு பிள்ளையை விட்டுவிடுவது எளிது. அப்பிள்ளையின் வளர்ச்சிக்குரிய ஆண்டுகளோ மீண்டும் வாரா. காரணத்தைக் காலத்தே தேடுவோமாக.